பிஸ்கட் பஞ்சாயத்து

வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் சலவைக்கூடத்தின் சாப்பாட்டு அறையில் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுப் பயிற்சி வகுப்பு நடக்கும். வேலை செய்யும் இடத்தில் மிரட்டல், அடிதடி வராமல் தடுப்பது எப்படி என்று மேற்பார்வையாளர்களுக்கு ஒரு முழு நாள், மற்றவர்களுக்கு இரண்டு மணி நேரம். அதில் அரை மணி நேரம் சமாதானத்துடையது. சமாதானம் என்பது ஓர் ஆள். நாங்கள் வைத்த பட்டப்பெயர். அவர் எழுந்து வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, எல்லோரும் பார்க்க இரண்டாக உடைத்து, ஒரு பாதியை மேஜைமேல் வைப்பார். பிறகுதான் வாயைத் திறப்பார். ஏதோ வேடிக்கை காட்டப் போகிறார் என்று புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். ஐந்து நிமிஷத்தில் சிரிப்பெல்லாம் அடங்கிவிடும்.

இந்த வருஷ வகுப்புக்கு முந்தின நாள் அவர் என் அறைக்கு மூன்று தடவை வந்தார். நான் இங்கே ஷிப்ட் குமாஸ்தா. வருகைப் பதிவு, விடுப்புக் கடிதம், படிவம் எல்லாம் என் தலையில்தான் விடியும். மூன்று தடவையும் ஒரே கேள்வி.

"நாளைக்கு அவங்க நிஜமாவே வர்றாங்களா?"

"வர்றாங்கன்னு வகுப்பு எடுக்குற பயிற்சியம்மா போன்ல சொன்னாங்க. அதையே எத்தனை தடவை சொல்றது? போய் வேலையப் பாருங்க."

"ஒரே ஒரு வார்த்தை கேக்கணும். அவ்வளவுதான்."

எந்த வார்த்தை என்று எனக்குத் தெரியும். ஒரு பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க நான்கு வருஷமாக அலைகிறார். அவள் ஒருமுறைகூட அவர் முகத்தைப் பார்க்கச் சம்மதிக்கவில்லை. அவருக்காக நான் கொண்டுபோன இரண்டு கடிதங்களையும் பிரிக்காமலே திருப்பித் தந்தாள். நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் நானே சொல்கிறேன். வேறு யார் சொன்னாலும் அந்த மனுஷனை ஒரேயடியாகத் தெய்வமாக்கிவிடுவார்கள், இல்லை ஒரேயடியாகக் குழியில் தள்ளிவிடுவார்கள்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் அழுக்கு விரிப்புகள் மூட்டை மூட்டையாக எங்களிடம் வரும். துவைத்து, பிழிந்து, சூடான தகடு வைத்த இஸ்திரி பிரஸ்ஸில் போட்டு, மடித்து அனுப்புவோம். பத்தொன்பது வயதில் இங்கே தள்ளுவண்டி தள்ள வந்தவர் அவர். முப்பத்தெட்டில் மேற்பார்வையாளர் ஆனார். படிப்பு பெரிதாக இல்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எதிரெதிரே நடந்துபோனால் போதும், அவருக்குச் சோறு இறங்காது.

அதற்குக் காரணம் உண்டு. அவர் வளர்ந்த வீட்டில் அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் ஒரு குறுக்குச் சுவருக்காகப் பேச்சை நிறுத்தினார்கள். பதினொரு வருஷம். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு. அப்பா செத்த அன்றைக்குக்கூட சித்தப்பா தெருமுனையில் நின்றாரே தவிர, படியேறி வரவில்லை. "ரெண்டு பேரும் ஒரே ஒரு தடவை எதிரெதிர உக்காந்து டீ குடிச்சிருந்தா போதும்க்கா. யாரும் உக்கார வைக்கல" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அப்படித்தான் பிஸ்கட் பஞ்சாயத்து பிறந்தது. சண்டை போட்ட இருவரையும் தன் மேஜைக்குக் கூப்பிடுவார். இரண்டு டீ வரும். ஒரு பிஸ்கட்டை எடுத்து உடைத்து ஆளுக்குப் பாதி கொடுப்பார். இரண்டு பேரும் அவர் கண்முன்னால் தின்று முடிக்க வேண்டும். கடைசித் துண்டு உள்ளே போனதோடு சண்டை முடிந்தது, அதைப் பற்றி யாரும் மறுபடி வாயைத் திறக்கக் கூடாது. ரப்பர் பூட்ஸுக்காகக் கட்டிப் புரண்ட இரண்டு துவைப்பாளர்கள், ஜன்னலோர இடத்துக்காக முடியைப் பிடித்துக்கொண்ட மடிப்புப் பெண்கள், எல்லோரும் அந்த மேஜையில் உட்கார்ந்தவர்கள்தான். எனக்கும் ஒரு தடவை பாதி கிடைத்தது. எங்கள் லாரி டிரைவரோடு பெரிய ரகளை. அந்த ஆள் எதிரில் உட்கார்ந்து பிஸ்கட்டைக் கடித்த லட்சணத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு எங்கே சண்டை போடுவது?

அவர் மனைவி மட்டும் நொடித்துக்கொள்வாள். "வீட்டுல பியூஸ் போன பல்ப மாத்த இந்த மனுஷனுக்கு ஆறு மாசம் ஆகும். வெளிச் சண்டைன்னா ஆறே நிமிஷம்!" என்பாள். அவர் பல் தெரியச் சிரிப்பார். அவருக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. இல்லை என்று நான் பொய் சொல்லப் போவதில்லை.

இந்த நிலைமையில்தான் பயிற்சி வகுப்பு முதன்முதலாக எங்கள் கூடத்துக்கு வந்தது. நடத்த வந்த அம்மா ஆள் குள்ளம், குரல் பெரிசு. ஒரு கட்டு மஞ்சள் படிவங்களைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். யார் மிரட்டினார், என்ன சொன்னார், எப்போது, யார் கேட்டார்கள் என்று நான்கே கேள்விகள். யாராவது மிரட்டினால் அன்றைக்கே எழுதி மேலே அனுப்ப வேண்டும். மேற்பார்வையாளர்தான் என்றில்லை, யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். விசாரித்து முடிக்கும்வரை மிரட்டியவரை வேறு ஷிப்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

நம் ஆள் சும்மா இருப்பாரா? கையைத் தூக்கி, எழுந்து நின்று, தன் பிஸ்கட் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். மற்ற மேற்பார்வையாளர்கள் கைதட்டி விசிலடித்தார்கள். பயிற்சியம்மா சிரிக்கவில்லை.

"சார், சண்டைக்கு உங்க வழி ரொம்ப நல்ல வழி. ஆனா மிரட்டலுக்கு வேணாம். சண்டைன்னா ரெண்டு பக்கம் இருக்கும். மிரட்டல்ல ஒரு பக்கம்தான் இருக்கு. மிரட்டுனவரையும் பயந்தவரையும் ஒரே மேஜைல உக்கார வச்சிடாதீங்க."

அவர் அதில் முன்பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும் என்னிடம், "கேட்டீங்களாக்கா? நல்ல வழின்னு அந்தம்மாவே சொல்லிட்டாங்க!" என்றார். நானும் தலையை ஆட்டினேன். வகுப்பில் முக்கால்வாசி நேரம் எனக்குத் தூக்கம்.

அது முடிந்து ஏழு மாசம் இருக்கும். எங்கள் கூடத்தில் கிழிந்த விரிப்புகளைத் தைப்பதற்கு ஒருத்தி இருந்தாள். அவளை எல்லோரும் தையல்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கெட்டிக்காரி. ஊசி அவள் கையில் ஓடுவதை நின்று பார்க்கலாம். பிரஸ்ஸில் தீய்ந்துபோன விரிப்பு வந்தால், தீய்ந்த மூலையில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டுத் தனியாக ஒதுக்க வேண்டும். அது அவள் வேலை. அந்த மாசம் சிவப்பு முடிச்சுகள் அதிகமாயின. எல்லாம் ஒரே பிரஸ்ஸிலிருந்து வந்தவை. அந்தப் பிரஸ்காரனுக்கு மேலேயிருந்து இரண்டு முறை எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தன்னை வேலையிலிருந்து துரத்த அவள் வேண்டுமென்றே முடிச்சுப் போடுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். பதினைந்து வருஷமாக எங்களோடு இருந்தவன், நன்றாக வேலை செய்தவன்தான். இருந்தாலும் அவனை அவர் இவர் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் மனசு வரவில்லை.

ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்த நேரம், தையல்காரி எங்கள் அறைக்கு வந்தாள். சமாதானம் மேஜையில் இருந்தார். நான் பக்கத்து மேஜையில்.

"சார், பிரஸ்காரர் என்னை மிரட்டுறாரு. இன்னொரு தடவை சிவப்பு நூல் கட்டினா, கட்டின கையப் புடிச்சு பிரஸ்ல வச்சிடுவேன்னு சொன்னாரு."

"கோவத்துல ஏதோ உளறியிருப்பான்மா."

"கோவமா சொல்லல சார். சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அதான் எனக்குப் பயமா இருக்கு. ரெண்டு நாளா ஷிப்ட் முடியறப்ப என் தையல் ரூம் வாசல்ல வந்து நிக்கிறாரு. ஒண்ணும் பேசுறதில்ல, சும்மா நின்னு பாக்குறாரு."

அவர் மோவாயைத் தடவினார். அவள் விடவில்லை.

"எழுதுங்க சார். மஞ்சள் படிவம்னு வகுப்புல சொன்னாங்கல்ல, அதுல எழுதுங்க. எனக்கு இந்தக் கை வேணும். எம் புருஷன் முதுகு ஒடிஞ்சு படுத்திருக்காரு. இந்தக் கை ஓடினாதான் எங்க வீடு ஓடும்."

நான் படிவத்தை எடுத்துத் தேதி போட்டேன். அவள் பெயரையும் எழுதிவிட்டேன். சமாதானம் எழுந்து வந்து தாளின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இருங்கக்கா. இது மேல போச்சுன்னா தம்பி வேலை போயிடும். அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கு. ஒரு பிஸ்கட்ல முடியற விஷயம்."

"வேணாம் சார். அவர் முன்னாடி என்னை உக்கார வைக்காதீங்க."

"நான் இருக்கேன்லம்மா? எத்தனை பஞ்சாயத்து பாத்திருக்கேன்!"

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "போ, போய் உக்காரு. எனக்கே பிஸ்கட் குடுத்தவரு இவரு" என்றேன். அந்த நாக்கை அப்போதே கடித்துக்கொண்டிருக்கக் கூடாதா நான்!

பிரஸ்காரன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அப்படியே உருகிப்போனான். "ஐயோ அண்ணே, விளையாட்டுக்குச் சொன்னேன். தங்கச்சி மாதிரி நெனச்சுச் சொன்னதுண்ணே" என்றான். தன் பாதியை ஒரே வாயில் போட்டு மென்றான். அவள் பாதி அவள் விரல்களிலேயே இருந்தது. "சாப்பிடும்மா" என்றார் இவர். "அப்புறம் சாப்பிடுறேன் சார்" என்று அவள் அதை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். மணி அடித்தது. கூடத்தில் வேலை காத்திருந்தது. அவர் எழுந்து, அவன் முதுகில் தட்டிக் கொடுத்து அனுப்பினார். போகிறபோது அவன் கண் என் மேஜைமேல் இருந்த மஞ்சள் தாளில் நின்றதை நான் பார்த்தேன். அதில் அவள் பெயர் இருந்தது. எதற்குப் பார்க்கிறான் என்று நான் யோசிக்கவே இல்லை. தாளை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் சொருகிவிட்டு டீ டம்ளர்களைக் கழுவப் போனேன்.

மூன்றாம் நாள் பட்டப்பகலில், அவள் ஒதுக்கிய விரிப்புகளைக் கொடுக்கப் பிரஸ் கூடத்துக்குப் போனாள். அவன் சொன்னதைச் செய்தான். பக்கத்து பிரஸ்ஸில் இருந்தவர் ஓடிவந்து மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்ததால் அவ்வளவோடு போயிற்று என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். எவ்வளவோடு? அவள் வலது கையில் மூன்று விரல்கள் இன்றைக்கும் மடங்காது. அவள் கத்திய சத்தம் வாஷிங் மெஷின் இரைச்சலையும் மீறி எங்கள் அறைக்குக் கேட்டது. சமாதானம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். அதற்கு முன்னால் அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

அவனைப் போலீஸ் கொண்டுபோயிற்று. அவன் கதை எனக்கு வேண்டாம்.

விசாரணைக்கு மேலேயிருந்து மூன்று பேர் வந்தார்கள். முன்பே புகார் ஏதும் வந்ததா என்று கேட்டார்கள். தேதியும் பெயரும் மட்டும் எழுதிய தாள் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது. அதைக் கிழித்து வாயில் போட்டுக்கொள்ளலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் அவர் எழுந்து நின்றார்.

"அவங்க வந்து சொன்னாங்க. எழுதச் சொன்னாங்க. ரெண்டு தடவை வேணாம்னு சொல்லியும் நான்தான் அவன் எதிர்ல உக்கார வச்சேன். அக்கா எழுத ஆரம்பிச்சாங்க, நான்தான் கைய வச்சு மறிச்சேன்."

என்னைக் காப்பாற்றிவிட்டார். நான் சிரித்ததை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. யார் வேண்டுமானாலும் படிவத்தை அனுப்பலாம் என்று வகுப்பில் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான் என்பதை அவர்கள் யாரும் சுட்டிக்காட்டவில்லை, நானாக எடுத்துச் சொல்ல எனக்குத் துணிச்சலும் வரவில்லை.

அவரை மேற்பார்வையிலிருந்து இறக்கி, அழுக்கு மூட்டை வந்து இறங்கும் இடத்தில் போட்டார்கள். துணிகளைப் பிரித்து, பைகளைத் துழாவிப் பார்த்துத் துவைக்க அனுப்பும் வேலை. ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் போனார். பத்து நாள் கழித்து எங்கள் ஆட்களின் ஏப்ரன்கள் ஒரு மூட்டையாக அங்கே வந்தன. அன்றைக்கு அவளை வண்டியில் ஏற்றும்போது அவிழ்த்து வீசிய ஏப்ரனும் அதில் இருந்திருக்கிறது. அதன் பையில் கையை விட்டிருக்கிறார். பாதி பிஸ்கட், அப்படியே. நான் போனபோது மூட்டைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

"அவங்க சாப்பிடலன்னு எனக்கு அப்பவே தெரியும்க்கா. பாத்தேன். சாப்பிடலன்னா சண்டை முடியலன்னு நானே வச்ச சட்டம். மணி அடிச்சதும் எந்திரிச்சிட்டேன்."

ஆஸ்பத்திரிக்குப் போனார். வாசலிலேயே அவளுடைய அண்ணன் மறித்துவிட்டார். "உங்கள அடிக்கலன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டுத் திரும்பிப் போங்க" என்றாராம். கடிதங்களின் கதையைத்தான் சொன்னேனே. அவர் வீட்டில் பிஸ்கட் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். பல்பு பியூஸ் போனால் இப்போது அன்றைக்கே மாற்றிவிடுகிறாராம். அவர் மனைவி இதைச் சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷ வகுப்புக்கு வந்த பயிற்சியம்மா நேராக அவரிடம் போய், "வந்து பேசுறீங்களா?" என்று கேட்டாள். அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் வந்தார். அன்றிலிருந்து வருஷா வருஷம் அந்தப் பிஸ்கட்டை உடைக்கிறார்.

இந்த வருஷம் தையல்காரி வந்தாள். பயிற்சியம்மாவோடு சேர்ந்து மற்ற இடங்களில் தொழிலாளர்களுக்குப் பேச ஆரம்பித்திருக்கிறாள் என்று அன்றுதான் எனக்கு விவரம் தெரிந்தது. வலது கையைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு வருவாள் என்று நினைத்திருந்தேன். மறைக்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து அவர் பேசுவதை முழுக்கக் கேட்டாள். அவருக்கு அன்றைக்கு நாக்குப் புரளவில்லை. இரண்டு தடவை தண்ணீர் குடித்தார்.

அதற்கப்புறம் செய்து பார்க்கும் பயிற்சி. ஒருவர் மேற்பார்வையாளராக உட்கார வேண்டும், ஒருவர் வந்து புகார் சொல்ல வேண்டும், நான் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிக்க வேண்டும். "யாரு முதல்ல வர்றீங்க?" என்று பயிற்சியம்மா கேட்டாள். தையல்காரி எழுந்து முன்னால் நடந்து வந்தாள்.

"அவரே உக்காரட்டும். நான் சொல்றேன்."

அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். அவள் இந்தப் பக்கம். நான் மஞ்சள் படிவத்தைக் கொண்டுபோய் வைத்தேன். மேஜைமேல் இருந்த பாதி பிஸ்கட்டை அவசரமாக எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

"சார், பிரஸ்காரர் என்னை மிரட்டுறாரு" என்று ஆரம்பித்தாள். அன்றைக்குச் சொன்னதையே சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னது, வாசலில் வந்து நின்றது, ஒன்றும் விடவில்லை. "எனக்கு இந்தக் கை வேணும்" என்ற இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் தடுமாறியது. அவர் குனிந்து எழுதினார். என்ன சொன்னார், எப்போது, யார் கேட்டார்கள். ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டு எழுதினார். மூக்கிலிருந்து ஒழுகியதைத் துடைக்கக்கூட நிமிரவில்லை. முடித்துவிட்டுத் தாளை அவள் பக்கம் தள்ளினார். அவள் இடது கையில் பேனாவைப் பிடித்துப் பெயரை எழுத்தெழுத்தாக வரைந்தாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சுக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

"நாலு நிமிஷம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

அவர் இரண்டு கைகளையும் கூப்பினார். "என்னை மன்னிச்சிடும்மா. நாலு வருஷமா இந்த ஒரு வார்த்தைக்காகத்தான்..."

"தெரியும் சார். அக்கா சொன்னாங்க." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "நீங்க நாலு வருஷமா காத்துக்கிட்டு இருக்கீங்க. நான் அன்னைக்கு நாலு நிமிஷம்தான் சார் கேட்டேன்."

அவர் கூப்பிய கைகள் அப்படியே நின்றன. அவள் படிவத்தை எடுத்து, அவரிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, இதையாவது மேல அனுப்பிடுங்க."

வெறும் பயிற்சித் தாள்தான் அது. வகுப்பு முடிந்ததும் குப்பையில் போட வேண்டியது. நான் மாடிப்படி ஏறிப்போய் மேலதிகாரியின் தட்டில் வைத்துவிட்டு வந்தேன்.